ஹைம் பக்கம்

தான் வாழ்ந்ததாக மனைவியின் இளவாலைக் கிராமம் முழுக்க நம்பிக்கொண்டிருந்த ஊரைக் கிறிஸ்தோப்பர் முதன்முதலாகக் கண்ணால் கண்டது 2008 ஆகஸ்டில்தான். மகள் லவினியா போன மாதம் எடுத்த லைசன்ஸோடு கார் ஓட்டினாள். முன் சீற்றில் ரொறன்ரோவிலிருந்து வந்த மைத்துனர் ஜேசுரட்ணம் வீடியோக் கமராவும் கையுமாக உட்கார்ந்திருந்தார். பின்னால் கிறிஸ்தோப்பரும் மனைவி பேர்பெச்சுவாவும், நடுவில் நாற்பது மட்டன் றோல்ஸ். கிறிஸ்தோப்பரின் சட்டைப் பைக்குள் அந்த ஊரின் தெருப்படம் எட்டாக மடிந்து கிடந்தது. இன்டர்நெற்றில் எடுத்து ஒரு வாரமாகப் பாடமாக்கியது.

உண்மையைச் சொன்னால் கிறிஸ்தோப்பர் பொய் சொன்னதே இல்லை. பொய்தான் வீடு தேடி வந்து அவரோடு குடியேறியது.

எண்பத்தைந்தில் அவர் ஜேர்மனிக்கு அகதியாக வந்தபோது ஹம் நகரத்துக்கு வெளியே ஒரு பழைய பட்டாளக் கட்டடத்தில் போட்டார்கள். ஓர் அறைக்கு எட்டுப் பேர். அப்படிப்பட்ட விடுதியை ஜேர்மன்காரர் ஹைம் என்பார்கள். நம்மவர்களும் ஹைம் என்றே சொன்னார்கள். ஹைமில் சோறு இல்லை, ஹைமில் அடிபாடு, ஹைமில் தண்ணி வரவில்லை என்று வாயைத் திறந்தால் ஹைம்தான். கலியாணம் பேசி வந்தபோது பெண்ணின் தகப்பனுக்குக் கிறிஸ்தோப்பர் ஒரே ஒரு வரி எழுதினார்: 'நான் தற்போது ஹைமில் இருக்கிறேன்.'

பெண்ணின் தகப்பன் சூசைப்பிள்ளை வாத்தியார் பூமிசாஸ்திரம் படிப்பித்தவர். ஓர் ஊர்ப்பெயரைச் சும்மா விடுகிற ஆளில்லை. பங்குத்தந்தையின் அறையில் ஜேர்மனியிலிருந்து வந்த கலண்டர் ஒன்று தொங்கியது. அதில் ஜூன் மாதப் படத்தில் ஒரு கோட்டை, கீழே ஆறு, பின்னால் காடு மண்டிய மலை, ஓரத்தில் ஓர் ஏரி. அடியில் 'ஹைம்பாக்' என்று அச்சடித்திருந்தது. வாத்தியார் எழுத்துக்கூட்டினார்.

"மன்னார்ப் பக்கம், வன்னிப் பக்கம் எண்டுறேல்லையோ? அது மாதிரித்தான். ஹைம் பக்கம்!" என்று தீர்ப்புச் சொன்னார்.

அந்தத் தாள் கிழிக்கப்பட்டு, சட்டம் போடப்பட்டு, இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் ஏறியது. அதே பெண்ணைக் கேட்டு வந்த கொழும்பு வங்கிக் கிளாக்கரைத் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். 'படம் பார்த்தோம், நல்ல ஊர்' என்று கிறிஸ்தோப்பருக்குக் கடிதம் வந்தது. திருத்தி எழுதத்தான் அவர் பேனையை எடுத்தார். மேல் தட்டுக் கட்டிலில் படுத்திருந்த நண்பன் தலையை நீட்டி, "விசரா, உனக்கு உண்மை வேணுமோ, பொம்பிளை வேணுமோ?" என்று கேட்டான். கிறிஸ்தோப்பருக்குப் பொம்பிளைதான் வேண்டியிருந்தது.

எண்பத்தொன்பதில் பேர்பெச்சுவா வந்து இறங்கினாள். சூட்கேசை வைத்த கையோடு, "படத்தில இருந்த குளம் எங்க?" என்றாள். கிறிஸ்தோப்பர் அவளை ஹம் வாய்க்காலடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நிலக்கரி ஏற்றிய தட்டைப் படகு ஒன்று புகை கக்கிக்கொண்டு ஊர்ந்து போனது. அவள் கனநேரம் பார்த்தாள்.

"இது வாய்க்கால்."

"அதுவும் தண்ணிதானே?" என்றார் கிறிஸ்தோப்பர்.

அவள் திரும்பி வந்து உலையில் அரிசி போட்டாள். அடுத்த வாரம் தகப்பனுக்கு எழுதிய கடிதத்தில், 'பின்னேரங்களில் இவரோடு குளக்கரையில் நடப்பேன்' என்று எழுதினாள். அதற்குப் பிறகு அந்தக் கதையை இருவரும் தங்களுக்குள் எடுத்ததே கிடையாது.

இப்போது வாத்தியார் செத்து ஒரு வருடம் ஆகப்போகிறது. மூத்த மகன் ஜேசுரட்ணம் நினைவு மலர் அடிக்கிறார். ரொறன்ரோவில் வீடு விற்றுக் கொடுக்கிற ஏஜென்ட் அவர். தேவாலயத்துக்குள் போனாலும் எத்தனை சதுர அடி என்று கண்ணால் அளப்பார். மலரில் 'ஜேர்மனி ஹைம்பாக்கை முன்னாள் வதிவிடமாகக் கொண்ட' என்று, இப்போது ஹம்மில் இருக்கிற தங்கைக் குடும்பத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார். கோட்டைக்கு முன்னால் ஒரு படம், இருந்த வீட்டுக்கு முன்னால் ஒரு படம், இரண்டையும் தானே நேரில் எடுக்க வேண்டும் என்று டிக்கெற் போட்டு வந்துவிட்டார்.

"அண்ணைக்குத் தெரிஞ்சால் துலைஞ்சுது. என்ர தங்கச்சிமார் ஆயுசுக்கும் சிரிப்பாளவை. நான் அங்கால தலை காட்ட ஏலாது," என்று புறப்படுகிற காலையில் பேர்பெச்சுவா கணவனின் காதுக்குள் சொன்னாள். லவினியாவுக்குக் காரணம் சொல்லப்படவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்று மட்டும் கட்டளை.

ஊர் எல்லையில் தேசியப் பூங்காவின் பலகை நின்றது. அதிலிருந்த விலங்கைப் பார்த்து ஜேசுரட்ணம் காரே அதிரக் கத்தினார்.

"இதென்ன, புலியோ?"

"பூனை மச்சான், காட்டுப் பூனை. கொஞ்சம் மெல்லக் கதையுங்கோ," என்றார் கிறிஸ்தோப்பர்.

கோட்டை கலண்டரில் இருந்தபடியே பாறை மேல் உட்கார்ந்திருந்தது. அதைக் கண்டதும் கிறிஸ்தோப்பர் சட்டைப் பைக்குள் இருந்த தெருப்படத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஜேசுரட்ணம் இறங்கி இடுப்பில் கை வைத்தார்.

"எந்த வீடு மச்சான்?"

கிறிஸ்தோப்பர் பாடமாக்கிய தெருவில், சன்னலெல்லாம் சிவப்புப் பூவாக இருந்த மரச்சட்ட வீடு ஒன்றைக் காட்டினார். "அதுதான்."

"அது பேக்கரியெல்லோ?"

"அப்ப பேக்கரி இல்லை."

"ஆயிரத்தெண்ணூத்தி எண்பத்தேழில இருந்து எண்டு போட்டிருக்கு அப்பா," என்று லவினியா பலகையை வாசித்தாள்.

"மேல் வீடு!" என்றார் கிறிஸ்தோப்பர்.

மேல் வீட்டை உள்ளே பார்க்காமல் போகிற ஏஜென்ட் உண்டா? ஜேசுரட்ணம் பேக்கரிக்குள் நுழைந்தார். வேறு வழியில்லாமல் மற்ற மூவரும் பின்னால் போனார்கள். கல்லாவில் ஒரு வயதான அம்மா.

"சொல்லு பிள்ளை, உன்ர அப்பா எண்பத்தஞ்சில இஞ்ச ஹைமில இருந்தவர் எண்டு," என்றார் ஜேசுரட்ணம்.

லவினியா சொன்னாள். அந்த அம்மா கிறிஸ்தோப்பரை வழுக்கையிலிருந்து சப்பாத்து வரை பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

"எந்த ஹைமில எண்டு கேக்கிறா மாமா. சின்னப் பிள்ளையளின்ர ஹைமிலயோ, வயசுபோன ஆக்களின்ர ஹைமிலயோ எண்டு."

"அதென்ன? ஹைம் எண்டால் இந்த ஊர்தானே?"

"ஐயோ மாமா, ஹைம் எண்டால் ஊரில்லை, விடுதி. அப்பா இருந்தது ஹம்மில, அகதி ஹைமில. வீட்டில போட்டோ இருக்கு. மூண்டு தட்டுக் கட்டில்…" தாயின் முகத்தைக் கண்டதும் லவினியாவின் வாய் தானாக மூடியது. காலம் கடந்துவிட்டது.

என்ன வேண்டும் என்று அந்த அம்மா மறுபடி கேட்டார். லவினியா நாலு துண்டு பிளம்ஸ் கேக் வாங்கினாள்.

ஆற்றுப் பாலத்தில் வந்து நின்றார்கள். ஜேசுரட்ணம் கமராவை மூடினார். தங்கையைப் பார்த்தார், அவள் கணவனைப் பார்த்தார். கிறிஸ்தோப்பர் மனைவிக்கு முன்னால் வந்து நின்றார். தான் கெட்டாலும் பரவாயில்லை, பேர்பெச்சுவாவின் மானமாவது மிஞ்சட்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"மச்சான், எல்லாம் என்ர வேலை. இவவுக்கு ஒண்டும் தெரியாது. இவவையும் நான் ஏமாத்தித்தான் வச்சிருந்தனான்."

"என்ன தெரியாது?" என்று பேர்பெச்சுவா சீறினாள். ஆற்றில் நின்ற வாத்துகள் விலகிப் போயின. "பத்தொன்பது வருசமா வாய்க்காலைக் குளம் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான் எண்டோ சொல்லுறியள்? இஞ்சேருங்கோ, என்னைக் கள்ளி எண்டு சொல்லுங்கோ. விசரி எண்டு சொல்லாதேங்கோ!"

பிறகு தமையன் பக்கம் திரும்பினாள்.

"வந்த அண்டைக்கே எனக்குத் தெரியும் அண்ணை. கடிதம் முழுக்க நான்தான் எழுதினது. அப்பா கேற்றடியில நிண்டு, போற வாற ஆக்களுக்கெல்லாம் அந்தக் கடிதங்களை வாசிச்சுக் காட்டினவர். அதில நான் மூண்டு தட்டுக் கட்டிலையோ எழுதுறது?"

ஜேசுரட்ணம் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கோபப்படப் போகிறார் என்று கிறிஸ்தோப்பர் நினைத்தார். அவர் முகத்தில் இருந்தது பயம்.

"ரொறன்ரோவில ஒருத்தர் மிச்சமில்லாமச் சொல்லிப்போட்டன். மச்சான் கோட்டையடியில இருந்தவர் எண்டு, வீடு பாக்க வாற சனத்துக்கும் சொல்லிப்போட்டன். இப்ப நான் என்ன செய்யிற? நடந்தது நடந்துபோச்சு. ரெண்டு பேரும் கோட்டைக்கு முன்னால நில்லுங்கோ. ஒரு குருவிக்கும் தெரியத் தேவையில்லை."

"நான் நிக்க மாட்டன்," என்றாள் பேர்பெச்சுவா.

"ஏன்டியம்மா?"

"நான் இஞ்ச வாழேல்லை அண்ணை. எடுக்கிறதெண்டால் ஹம் வாய்க்காலடியில எடுங்கோ. என்ர பிள்ளையை வண்டிலில வச்சுத் தள்ளினது அங்கதான். இந்த மனுசன் பாண் சுடுற தொழிற்சாலையில வேலை முடிச்சுப்போட்டு வர, நான் சோத்துப் பெட்டியோட காத்துக்கொண்டு நிண்டதும் அங்கதான்."

அந்த வாய்க்கால் அவளுக்குப் பிடிக்கும் என்பது கிறிஸ்தோப்பருக்கு அன்றுவரை தெரியாது. தான் கொடுக்க முடியாமல் போன ஏரிக்காக அவள் உள்ளுக்குள் நொந்துகொண்டிருக்கிறாள் என்றே அவர் இத்தனை வருடமும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வந்தது. பிளம்ஸ் கேக்கை வாய்க்குள் திணித்துச் சமாளித்தார்.

வந்ததற்கு ஏரியையும் பார்த்தார்கள். மலையும் காடும் தண்ணீரில் தலைகீழாகக் கிடந்தன. கரையோர மர வாங்கில் உட்கார்ந்து மட்டன் றோல்ஸ் சாப்பிட்டார்கள்.

"குளம் வடிவுதான்," என்று பேர்பெச்சுவா ஒப்புக்கொண்டாள். "ஆனா ஒரு படகும் போகேல்லை, என்னத்தைப் பாக்கிற?"

பின்னேரம் ஹம் வாய்க்காலடியில் அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு கணவன் பக்கத்தில் நின்றாள். நிலக்கரிப் படகு வரும்வரை படம் எடுக்க விடவில்லை. முக்கால் மணித்தியாலம் ஜேசுரட்ணம் வாய்க்குள் திட்டிக்கொண்டு காத்திருந்தார்.

ஒக்ரோபரில் நினைவு மலர் தபாலில் வந்தது. பதினாலாம் பக்கம் முழுக்க அந்தப் படம்தான். கிறிஸ்தோப்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடியில் இருந்ததை உரக்க வாசித்தார்.

"ஜேர்மனி ஹைம் மாநகரில், தங்கள் ஏரிக்கரையில், கப்பல் பின்னணியில், மருமகன் கிறிஸ்தோப்பர் தம்பதியினர்."

பேர்பெச்சுவா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். பிறகு அந்தக் கண்ணீர் நிற்கவில்லை.

"அப்பா இருந்திருந்தால், கப்பலும் எங்கட எண்டு சொல்லியிருப்பார்," என்றாள்.

கிறிஸ்தோப்பர் அந்தத் தாளைக் கவனமாக வெட்டியெடுத்தார். தங்கள் வீட்டுத் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கச் சுத்தியலைத் தேடப் போனார்.