இடியும் அலமாரியும்

மனித இனம் காது என்ற உறுப்பை இத்தனை காலமாகச் சுமந்து திரிவது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான்: இடி எழுதிய ராக் பாட்டை ஒருநாள் கேட்பதற்காக. இதை இடியே சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

இடி என்பது அவன் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர். கல்லூரி இசைக்குழுவில் எலக்ட்ரிக் கிதார் வாசிக்கிறவன். வீட்டில் அவனை 'டேய்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவன் தலையெழுத்து, சத்தமே ஆகாத வீட்டில் பிறந்துவிட்டான். பள்ளியில் கடைசி வகுப்பு படிக்கும் தங்கைக்குச் சின்ன ஓசையும் பேரோசை. கரண்டி கீழே விழுந்தால் பல்லில் அரம் வைத்து ராவுகிற மாதிரி இருக்கிறது என்பாள். காதில் ஒரு குறையும் இல்லை, சத்தத்தைத் தாங்குவதில்தான் சிக்கல் என்று மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டார். ஆகவே வீட்டில் நாற்காலிக் கால்களுக்கெல்லாம் சாக்ஸ். மிக்ஸிக்கு மேல் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு பெட்டி. அழைப்பு மணியைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் அப்பா ஒரு சிவப்பு பல்பை மாட்டியிருந்தார். வருகிறவர்கள், மணி கேட்கவில்லையே என்று அழுத்தித் தள்ளுவார்கள். உள்ளே கூடம் முழுக்கச் சிவந்து சிவந்து அணையும்.

"இந்த வீட்ல நாற்காலிக்குக்கூட சாக்ஸ் இருக்கு. எனக்குத்தான் உருப்படியா ஒரு ஜோடி இல்ல" என்றான் இடி.

"அது உன்னோடதுதான்டா" என்றாள் அம்மா.

இத்தனைக்கும் மேல் சத்தம் வந்தால் தங்கை துணி அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வாள். பாட்டுக் கேட்பதும் அங்கேதான். தொங்கும் கோட்டுகளுக்குக் கீழே காலை மடக்கி உட்கார்ந்து, செல்போனை ஒரு ஸ்வெட்டருக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொள்வாள்.

"பாட்டுக்கு ஸ்வெட்டர் மாட்டிக் கேக்குற ஒரே ஜீவன் நீதான்டி. பாட்டுக்குக் குளிருதா?"

"குளிரல. கடிக்குது. அதான் வாயைக் கட்டி வெச்சிருக்கேன்."

கிண்டல் கிண்டலாக இருக்கட்டும். பாட்டு நன்றாக இருக்கிறது என்று இடி ஒரே ஓர் ஆளிடமிருந்து கேட்க ஏங்கினான். அது இவள்தான். நண்பர்களை நம்ப முடியாது. அவன் கம்பியை முறுக்கிச் சுருதி பார்த்துக்கொண்டிருந்ததையே டிரம்மர் கண்மூடிக் கேட்டுவிட்டு "செம பாட்டு மச்சி" என்றவன். தங்கையோ பக்கத்து அறையிலிருந்தே "ரெண்டாவது கம்பி இறங்கியிருக்கு" என்பாள். அதைத் தவிர அவன் வாசிப்பைப் பற்றி அவள் வேறெதுவும் சொன்னதில்லை.

"காலேஜ் ஆண்டு விழாவுக்கு வா. முன் வரிசைல உக்காந்து முழுசா கேளு. அலமாரிக்குள்ள கேக்குறதெல்லாம் பாட்டே இல்ல. ராக்குன்னா நெஞ்செலும்பு ஆடணும்."

"வரேன். முழுசா கேக்கப் பாக்குறேன். நீயும் கொஞ்சம் மெதுவா வாசிக்கப் பாரு."

இடி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அரங்கத்தில் சவுண்டுக்காரர் தடித்த காதுமூடி போட்டுக்கொண்டு நின்றார். இடியிடம் இரண்டு பஞ்சுத் துண்டுகளை நீட்டினார்.

"நீங்களே காதை மூடிட்டு நின்னா எப்படிண்ணே?"

"காதை வெச்சுத்தான் தம்பி எனக்குச் சோறு. உனக்கும் அதுலதான் பாட்டு. வெச்சுக்கோ."

இடி பஞ்சை வாங்கி, மரியாதைக்காகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அந்தக் குழுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. தன் வாசிப்பு தனக்குக் கேட்காதவன் தன் சத்தத்தைக் கூட்டிக்கொள்வான். இடி கூட்டினான். இடியால் தன் சத்தம் கேட்காமல்போன பேஸ் கிதார்காரன் கூட்டினான். கூட்டுவதற்குத் திருகு எதுவும் இல்லாத டிரம்மர் கையை இன்னும் உயர ஓங்கினான். பாடுகிறவன் மைக்கைக் கிட்டத்தட்ட விழுங்கியே விட்டான்.

முன் வரிசையில் தங்கை சிவப்புக் காதுமூடியோடு உட்கார்ந்திருந்தாள். இடி பாட்டு முழுக்க அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். தாளத்தட்டு அதிரும்போதெல்லாம் அவள் தோள்கள் ஒரு படி ஏறின. இறங்கவில்லை. கைகள் நாற்காலியின் அடியைப் பிடித்திருந்தன. நடுவில் டிரம்ஸ் ஓய்ந்து கிதார் மட்டும் வரும் இடத்தில் தோள்கள் மெல்ல இறங்கின. அவள் முன்னால் சாய்ந்தாள். இடிக்குத் தலைகால் புரியவில்லை. பிடித்திருக்கிறது! பிடித்ததை இன்னும் நிறையக் கொடுப்போம் என்று, கிதாரை உறும வைக்கும் பெடலை ஓங்கி மிதித்தான்.

தங்கை எழுந்தாள். குடையில்லாமல் மழையில் போகிறவள் மாதிரி தலையைக் கவிழ்த்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

கைதட்டல் பலமாக இருந்தது என்று பிறகு சொன்னார்கள். இடிக்கு அது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போலிருந்தது.

மறுநாள் காலையில் தண்ணீர் வடிந்துவிட்டது. மிச்சமிருந்தது ஒரு விசில். யாரும் அணைக்க மறந்த கெட்டில் ஒன்று அவன் மண்டைக்குள் கொதித்துக்கொண்டே இருந்தது. அதற்கு மேல், உலகம் முழுவதும் கிட்டே வந்திருந்தது. அம்மா டம்ளரை மேசையில் வைத்தாள். இடி துள்ளி எழுந்தான்.

"ஏம்மா இப்படிப் போட்டு உடைக்கிற?"

"வெச்சேன்டா."

அப்பா செய்தித்தாளைப் புரட்டினார். தகரக் கூரை பறந்து போனது போலிருந்தது. குழாய் சொட்டியது. ஒவ்வொரு சொட்டும் விலாசம் விசாரித்துக்கொண்டு இவன் காதுக்கே வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவன் நாற்காலியைத் தூக்கி நகர்த்தினான். கால்களில் சாக்ஸ் சரியாக இருக்கிறதா என்று குனிந்தும் பார்த்தான்.

அம்மா பார்த்தாள். அடுத்த டம்ளரைத் துணியின்மேல் வைத்தாள்.

இடி எழுந்து போய், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அலமாரியைத் திறந்தான். உள்ளே தங்கை. மடியில் ஸ்வெட்டர் மூட்டை. அதற்குள்ளிருந்து கசிந்தது அவன் பாட்டுதான்.

"நேத்து ரெக்கார்ட் பண்ணத டிரம்மர் அண்ணன் அனுப்பினாங்க. நடுவுல எழுந்து வந்துட்டேன்ல, இப்ப முழுசா கேக்குறேன்" என்றாள். "உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல. கோட்டு தேடுறேன்."

"வெயில்லயா?"

அவள் நகர்ந்து இடம் விட்டாள். அவன் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து, கதவை விரல் நுனியால் சாத்தினான். இருட்டில் கிதார் மட்டும் வரும் இடம் வந்தது. மேடையில் அவனுக்கே கேட்டிராத ஒரு சின்ன நடுக்கம் அந்த வாசிப்பில் இருந்தது.

"இந்த இடம் நல்லாருக்கு" என்றாள் தங்கை.

இடி மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டாவது கம்பி இறங்கியிருக்கு."

அடுத்து பெடல் வரப்போகிறது என்பது அவனுக்குத் தெரியும். கை நீட்டி ஒரு கம்பளிக் கோட்டை உருவி, ஸ்வெட்டர் மூட்டையின்மேல் இன்னொரு சுற்றுச் சுற்றினான்.

"பாட்டுக்குக் குளிருதாண்ணா?"

"உஷ்" என்றான் இடி.