கன்னிமார் இடம் மாறிய கிணறு

காளியண்ணன் கிணற்று மேட்டில் கவலை இறைக்கும் மாடுகளைப் பின்னுக்குத் தள்ளினான். இரும்புச் சால் கிணற்றுக்குள் இறங்கிப் பாறையில் கறகறவென்று உரசியது. ஐந்தாம் சாலுக்கே இந்தக் கதி. முந்தாநாள் இருபது வந்தது. ஊறட்டும் என்று நேற்று இறைக்காமல் விட்டான். ஊறவில்லை, இன்னும் ஒரு படி கீழே போயிருந்தது. பூவும் பிஞ்சுமாய் நிற்கும் மிளகாய்க்கு இன்னும் மூன்று தடவை தண்ணீர் பாய்ச்ச வேண்டும். இல்லாவிட்டால் மாடுகள் சந்தைக்குப் போகும்.

அவன் பெண்டாட்டி மாரியாயி எட்டிப் பார்த்தாள். "ஏனுங், காத்தே இல்ல, தண்ணி எதுக்கு இப்பிடி நடுங்குது?"

காளியண்ணன் இறங்கிப் பாறையில் காதை வைத்தான். உள்ளே டுப்பு டுப்பென்று துடித்தது. மேற்கே நான்கு வயல் தள்ளி, பெரிய தோட்டத்துக் கந்தப்பன் புதிதாக வைத்த ஆயில் இஞ்சினும் அப்படித்தான் அடித்தது.

நேரே அங்கே போனான். "ஏனுங்ணா, உங்க இஞ்சின் எங்கெணத்த உறிஞ்சுதுங்."

கந்தப்பன் சிரித்தார். "அதுக்கென்ன நாலு வயலுக்கு நாக்கா நீளுது? கெணத்துக் கன்னிமாருக்குப் படச்சு எத்தன வருசமாச்சு? போய் அதப் பாரு."

அவனுக்கு நம்பிக்கையில்லை. மாரியாயி விடவில்லை. வெள்ளிக்கிழமை, கன்னிமார் ஏழு பேருக்கும் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஏழு குடம் ஆரத்தி ஆலம் சிவக்கக் கரைத்துக் கிணற்றில் ஊற்றினாள். அந்தச் சிவப்பு ஒருதரம் சுழன்றது. பிறகு மேற்குப் பாறை வெடிப்பில் பாம்பு நுழைவதுபோல நுழைந்து காணாமல் போனது.

உச்சிப் பொழுதுக்குள் பெரிய தோட்டத்தில் கூச்சல். இஞ்சின் குழாயில் தண்ணீர் சிவப்பாய்க் கொட்டியது.

"பாத்துக்கங்க! எங்கெணத்துத் தண்ணி!" என்று கத்திக்கொண்டே காளியண்ணன் ஓடினான்.

யார் காதிலும் விழவில்லை. பூசாரி கருப்பண்ணன் குழாயடியில் நெடுஞ்சாண்கிடையாய் விழுந்தான். "ஆத்தாளுக ஏழு பேரும் இங்க குடிவந்துட்டாங்க, சாமி!"

கந்தப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். இஞ்சின்காரனிடம், "நிறுத்தீராத. ஓடட்டும்" என்றார்.

எட்டாம் நாள் அங்கே ஊர்ப் பொங்கல். குழாய்த் தண்ணீர் கரும்புக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. மாரியாயி வரிசையில் நின்றாள். பூசாரி குழாயில் பிடித்த தீர்த்தத்தை அவள் கையில் ஒரு கரண்டி ஊற்றினான். அவள் குடிக்கவில்லை. விரலிடுக்கில் ஒழுகாமல் பொத்திக்கொண்டு தங்கள் மிளகாய்க் காட்டுக்கு நடந்தாள்.