கடவுச்சொல் இல்லாத கடை

1

இந்தக் கதை என் மூளையில் பிறக்கவில்லை, கைப்பேசியில் பிறந்தது. வீட்டு இணையம் படுத்துவிட்ட ஒரு காலையில், அது என்னைக் கேட்காமலே ‘தையல் கடை’ என்ற இணைப்பில் போய் ஒட்டிக்கொண்டது. கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை. ஓசிதானே என்று நானும் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இது:

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அந்தத் தையல்காரி

(மழையே பெய்யவில்லை. விட்டுவிட்டேன்.)

2

தையல்காரி என் வீட்டுக்குக் கீழே கடை வைத்திருப்பவள். புதுப்புது மாதிரிகள் பார்த்துத் தைக்க இணையம் வாங்கினாள். பூட்டவில்லை. “பூட்டி வச்சு நான் என்ன பண்ணப்போறேன்? நாலு பேரு பாத்துட்டுப் போகட்டும்.” எதிர்க்கடை கடிகாரக்காரருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. தினமும் அவள் கடைப் படியில் நின்று, வெளிநாட்டில் இருக்கும் மகளோடு வீடியோவில் கைகளாலேயே பேசுவார். முடித்ததும் இவளுக்கு ஒரு தலையசைப்பு.

[இவ்வளவு நல்லவளா என்று எனக்கே சந்தேகம் வந்தது. உற்றுப் பார்த்தேன். தெருவே “வைஃபை அக்கா” என்று கூப்பிடுவதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை இருக்கிறது. இப்போது நம்புகிறேன்.]

3

ஒரு நாள் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். பக்கத்துப் பள்ளிக்கூட டீச்சரின் முகத்தை வேறு யாருடைய உடம்பிலோ ஒட்டிப் படமாக்கி, எவனோ ஊர் முழுக்கப் பரப்பியிருக்கிறான்.

“உங்க லைன்ல இருந்துதாம்மா போயிருக்கு.”

“யாரு அனுப்பினது?”

“அதத்தான் உங்ககிட்ட கேக்குறோம்.”

அந்த டீச்சர் அவளுடைய பழைய வாடிக்கை. தோள் அகலம் முதற்கொண்டு மனப்பாடம். இணையப் பெட்டியைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் கடிகாரக்காரர் படியில் நின்று, கைப்பேசியை அப்படியும் இப்படியும் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

4

முடிவு அ: குற்றவாளி கடிகாரக்காரர்தான் என்று

(சீ. மலிவான திருப்பம். கிழித்துப் போட்டேன்.)

முடிவு ஆ, அவள் கணவருடையது: “பேசாம மூடிடு. நமக்கெதுக்கு ஊர் வம்பு?” நியாயம்தான். ஆனால் கடிகாரக்காரரின் கைகளை என்ன செய்வது?

ஆள் அகப்படவில்லை. அவள் மேல் தப்பில்லை என்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவள் அதை மாட்டவில்லை. செருப்பை மாட்டினாள்.

“எங்க கெளம்பிட்ட?”

“டீச்சர் வீட்டுக்கு.”

“நீ பண்ணலையே.”

“நான் பண்ணல. ஆனா என் வாசல் வழியா போயிருக்கு. இன்னொருத்தர் சொல்லி அவங்க தெரிஞ்சுக்கக் கூடாது.”

போய்விட்டு வந்த பிறகுதான் பெட்டியை மாட்டினாள். கூடவே ஒரு கடவுச்சொல்லும் வைத்தாள். தைப்பதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: பழைய சட்டையைக் கொடுத்தனுப்பி இதே அளவுக்குத் தை என்றால் தைக்கமாட்டாள், ஆள் நேரில் வரவேண்டும். இப்போது இணையத்துக்கும் அதே சட்டம். நேரில் வருகிறவரின் முகத்தைப் பார்ப்பாள், என்ன வேலை என்று கேட்பாள், கைப்பேசியை வாங்கித் தானே தட்டிக் கொடுப்பாள். முதல் ஆள் கடிகாரக்காரர். அவரிடம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

5

நானும் போய் நின்றேன்.

“உங்களுக்கு என்ன வேலைக்கு?”

“கதை எழுதுறேன்க்கா.”

“யாரப் பத்தி?”

சொன்னேன். என் கைப்பேசியைத் தட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“டீச்சர் பேரு வராதே?”

“யார் பேரும் வராது.”

“அவங்க என்கிட்ட என்ன சொன்னாங்கன்னும் எழுதக்கூடாது. அது அவங்களோடது.”

அங்கேதான் என் முடிவு இருந்தது. கதவு திறந்ததும் டீச்சர் அழுதாரா, திட்டினாரா, உள்ளே வரச் சொன்னாரா? கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. சரி என்றேன். உடம்பால் திரையை மறைத்துக்கொண்டு தட்டிக் கொடுத்தாள்.

வாசகரே, கதவு திறந்த பிறகு நடந்ததை உங்களுக்குத் தோன்றியபடி முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். இந்தக் கதை அந்தக் கடையின் இணைப்பில்தான் உங்களிடம் வருகிறது. இணைப்பு அவள் பேரில் இருக்கிறது.