சார் அணைக்க மறந்த மைக்

ஒன்பதாம் வகுப்பில் காது கேளாதவள் அவள் ஒருத்திதான். கணக்கு சார் சட்டைக் காலரில் குட்டி மைக்கை மாட்டிக்கொண்டு பேசுவார். அவர் பேசுவதெல்லாம் அவள் மேசையிலிருக்கும் மடிக்கணினியில் எழுத்தாக ஓடும். சமயத்தில் சொதப்பும். 'வகுத்தல்' என்பதை 'வறுத்தல்' என்று எழுதும். அவள் திரையைத் திருப்பிக் காட்டுவாள். "இன்னிக்கு எதை வறுத்தேன்?" என்று சாரும் சிரிப்பார்.

அன்று பாதிக் கணக்கில் சாரின் கைபேசி அதிர்ந்தது. வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார்.

திரையில் எழுத்து ஓடியது.

"சொல்லுங்க அண்ணி."

"அழாம சொல்லுங்க. அண்ணனுக்கு என்ன?"

அண்ணி சொன்னது திரையில் வரவில்லை.

"போயிட்டாரா? காலையிலகூட நல்லாத்தானே பேசினாரு."

"அம்மாகிட்ட யாரும் வாயைத் திறக்காதீங்க. நான் வந்து சொல்லிக்கிறேன்."

அவள் மடிக்கணினியைப் பாதி மூடினாள். அடுத்தவர் வீட்டுச் சாவைத் திருட்டுத்தனமாகப் படித்துவிட்டதுபோல் இருந்தது.

சார் உள்ளே வந்தார். பையை எடுக்கத்தான் வந்திருப்பார். கை என்னவோ சாக்பீஸை எடுத்தது. விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தார். ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று எழுதினார். வகுப்பே குலுங்கிச் சிரித்தது. அழித்துவிட்டு மறுபடி அதையே எழுதினார்.

சிரிக்காதீர்கள் என்று அவள் கையை ஆட்டினாள். யாருக்கும் புரியவில்லை. 'என்னடி?' என்று பக்கத்திலிருந்தவள் சைகையில் கேட்டாள். சொல்லிவிடலாம். ஆனால் சாரின் அம்மாவுக்கே இன்னும் தெரியாத சேதி. எப்படிச் சொல்வது?

பொறுக்க மாட்டாமல் எழுந்து போய், அவர் எதிரே நின்று காலரைச் சுட்டிக்காட்டினாள். மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சார் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அதுவரை இழுத்துப் பிடித்திருந்த முகம் உடைந்துபோனது. மைக்கைக் கழற்றி அணைத்து மேசைமேல் வைத்தார். அவளிடம் ஏதோ சொன்னார். உதடுகள் துடித்த துடிப்பில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. மைக்தான் அணைந்துவிட்டதே, திரையைப் பார்த்தும் பயனில்லை.

இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. எதற்கென்று தெரியாமலே தலையை ஆட்டினாள். சார் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அந்த வகுப்புக்கு வேறொரு டீச்சர் வந்தார். மைக்கை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டு, கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்தினார்.