கூப்பிடுவதற்கு முன்

"அதைப் பிடுங்காதீங்க மாமா" என்று அவள் சொல்வதற்குள் மாமாவின் விரல்கள் பிளக்கைப் பற்றியிருந்தன. மேசைக்கு அடியில் குனிந்திருந்தவர் தலையை மட்டும் திருப்பினார்.

"பதினொண்ணுக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து வண்டி வந்துடும். உங்கப்பாவை எங்க வைக்கிறது, இந்தப் பொட்டி மேலயா?"

"பத்து நிமிஷம். நானே அணைச்சுத் தரேன்."

"இப்பப் போய் கம்ப்யூட்டரு" என்று முனகிக்கொண்டே அவர் நாற்காலிகளை இழுக்கப் போனார்.

பிளக்கைப் பிடுங்கினாலும் அவள் தேடுவது அழியாது. அது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் நேற்றுக் காலை அப்பா விட்டுப் போன நிலையிலேயே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியின் முதுகில் அவருடைய சட்டை தொங்கியது. மவுசின் மேல் கிரீஸ் கறை.

உள் அறையில் அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து இது ஏழாவது முறையோ எட்டாவது முறையோ.

"நான் காய் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா உக்காந்த வாக்குல இருக்காரு. கடைசியா பொண்ணுகிட்டதான் பேசியிருக்காரு. போன்ல இருக்கு பாருங்க, பத்து நாப்பத்திரெண்டு."

"குடுத்து வெச்சவ நீ" என்று அவளைப் பார்த்துச் சொன்னார், வாசலில் உட்கார்ந்திருந்த, எல்லாரும் 'கறுப்புக் கண்ணாடி' என்று கூப்பிடுகிறவர். அப்பாவுடன் இருபது வருடம் ஒரே பட்டறையில் வெல்டிங் செய்தவர். "எங்கப்பன் போனப்ப நான் வேற ஊர்ல இருந்தேன். குரலக்கூட கேக்கல."

அவளும் அப்பாவின் குரலைக் கேட்கவில்லை. நேற்று மீட்டிங்கில் போன் அதிர்ந்ததும் பெயரைப் பார்த்தாள், துண்டித்தாள். மேசைக்கு அடியிலேயே ஒரு செய்தி தட்டினாள்: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுப்பா." அது அப்பாவின் போனில் இன்னும் திறக்கப்படாமல் கிடந்தது. பதினொன்றுக்குள் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

அப்பா கூப்பிட்டது கம்ப்யூட்டர் சந்தேகத்துக்கா, நெஞ்சு வலிக்கா? அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

அதற்கு ஒரு வழி இருந்தது. அந்த வழியைச் செய்துவைத்ததும் அவள்தான்.

மானிட்டருக்கு மேலே சுவரில் அவள் கையெழுத்தில் ஒரு தாள். 'என்னைக் கூப்பிடுவதற்கு முன்' என்று தலைப்பு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எரிச்சலில் எழுதி ஒட்டியது. ஆபீசில் மற்றவர்களின் அப்பாக்கள் அவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவர்கள். இவளுடைய அப்பா, நாலு பேர் நடுவில் இவள் இருக்கும்போது கூப்பிட்டு, "அம்புக்குறி எங்கயோ போயிடுச்சும்மா" என்பார். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் ஆயுள் முழுக்கச் சம்பளமில்லாத மெக்கானிக் என்று அர்த்தம். அதனால்தான் அந்தத் தாள்: முதலில் அணைத்துவிட்டுப் போடு. பரிசு விழுந்தது என்று வந்தால் தொடாதே. பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டாதே. நான்காவதை அடியில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தாள்: திரையில் என்ன வந்ததோ அதைப் படம் பிடி. கதை சொல்லாதே. படம் இல்லாமல் கூப்பிடாதே.

எந்த இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்று அவளே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் காட்டினாள். அழுத்தினால் திரை ஒரு கணம் மங்கும், படம் தானாக ஒரு ஃபோல்டரில் சேரும். தடித்த விரல்களால் அப்பா முதல் நாளே முப்பது படம் எடுத்தார். "கேமராவே இல்லாம போட்டோ பிடிக்குதுடி" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

நேற்று பத்து நாற்பத்திரண்டுக்கு முன்னால் ஒரு படம் இருந்தால் அது கம்ப்யூட்டர் சந்தேகம். இல்லையென்றால் இல்லை.

ஃபோல்டரைத் திறந்தாள். கடைசிப் படம், நேற்று, பத்து நாற்பத்தொன்று.

இருந்தது. தோள்கள் தாமாகத் தளர்ந்தன. சந்தேகம்தான். பெரிதாக்கிப் பார்த்தாள்.

படத்தில் எதுவும் இல்லை. எச்சரிக்கை இல்லை, திறந்த பக்கம் இல்லை. பின்னணிப் படமாக அவர் பட்டறையில் பற்றவைத்துச் செய்த பச்சைக் கேட், அதன் மேல் ஆறு ஐகான்கள், மூலையில் மணி. எந்தக் கோளாறும் இல்லாத திரை.

அதற்கு முந்தியது செவ்வாய்க்கிழமை. அதே பச்சைக் கேட். அதற்கு முந்தியதும் அதேதான். பின்னால் போகப் போகத்தான் 'இணைப்பு இல்லை', 'பக்கம் கிடைக்கவில்லை' என்று வந்தன. செவ்வாய்க்கிழமை அவர் கூப்பிட்டது நினைவிருந்தது. "அது தானா சரியாயிடுச்சும்மா. நீ சாப்ட்டியா?" என்றார். "இதுக்குத்தான் கூப்ட்டியா? வை" என்றாள்.

"என்னடி பாக்குற?" அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"அப்பா எடுத்த படம். நேத்து எடுத்தது."

அம்மா குனிந்து பார்த்தாள். "ஒண்ணுமே இல்லையே."

"ஆமா."

"இல்லாட்டியும் எடுப்பாரு. உனக்குப் போன் போடணும்னா முதல்ல வந்து அதை அமுக்குவாரு. எதுக்குய்யான்னா, பொண்ணு படம் கேப்பா, காட்டலன்னா திட்டுவாம்பாரு." அம்மா புடவைத் தலைப்பால் மானிட்டரின் மேல்விளிம்பைத் துடைத்தாள். "நேத்து என்ன கேட்டாரு?"

வாசலில் மாமா நாற்காலிகளை அடுக்கும் சத்தம். ஒன்று, இன்னொன்று.

"நான் போனை எடுக்கலம்மா. கட் பண்ணிட்டேன்."

அம்மாவின் கை மானிட்டரின் மேலேயே நின்றது. துடைத்த இடத்தையே திரும்ப ஒரு முறை துடைத்தாள். பிறகு நாற்காலியிலிருந்து அப்பாவின் சட்டையை எடுத்து, பட்டன்களைப் போட்டு, நான்காக மடித்து மேசையில் வைத்தாள்.

தெருமுனையில் வண்டி ஒன்று திரும்பும் ஓசை கேட்டது. அடுத்த வீட்டு டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படிங்க, திடீர்னு?"

அம்மா மகளைப் பார்க்கவில்லை.

"உக்காந்த வாக்குல டீச்சர். கடைசியா இவகிட்ட பேசிட்டுத்தான் போனாரு" என்றாள். "நல்லா பேசினாராம்."

"வண்டி வந்துடுச்சு" என்றார் மாமா வாசலிலிருந்து. "அணைச்சிட்டியாம்மா?"

"இதோ மாமா."

ஃபோல்டரை மூடினாள். பச்சைக் கேட் வந்தது. அவளுடைய விரல்கள் இரண்டு சிவப்பு ஸ்டிக்கர்களின் மேல் போய் நின்றன. அழுத்தினாள். திரை ஒரு கணம் மங்கி, மறுபடி வெளிச்சமானது.