பகலில் பூட்டிய கதவு

மனைவி ரன்வா முன்கதவின் சாவியைத் திருப்பிய சத்தம் ஹெய்னிக்குச் சுருக்கென்று தைத்தது.

அந்த வீட்டில் பகலில் பூட்டுப் போட்டதே கிடையாது. கிளாக்ஸ்விக் என்ற அந்தத் தீவு மீன்பிடி ஊரில் யாரும் போடுவதில்லை. வருகிறவர்கள் கதவைத் தட்டுவதும் இல்லை. தள்ளிக்கொண்டு வந்து, காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு, நேரே சமையலறையில் போய் உட்கார்ந்து காப்பி இருக்கிறதா என்று கேட்பார்கள். ஒரு வீடு பகலில் பூட்டிக் கிடந்தால் உள்ளே ஏதோ வெட்கக்கேடு என்று தெரு முழுக்கப் புரிந்துகொள்ளும்.

"ஊருக்கே தமுக்கடிச்ச மாதிரிதான்," என்றான் ஹெய்னி.

"அடிக்கட்டும். போன தடவை நடுவுல உங்கம்மா உள்ளே வந்து, துரிதாவப் பார்த்து 'நீ யாரு வீட்டுப் பொண்ணு'ன்னு விசாரிச்சாங்களே, மறந்துட்டியா? அவ பாட்டனாரு வரைக்கும் போயிட்டாங்க."

ஹெய்னிக்கு மறக்கவில்லை. அப்போது அவன் வடகோடியில் பேரண்ட்ஸ் என்ற கடலில், மீன்பிடிக் கப்பலின் அடித்தட்டில் தன் படுக்கையில் உட்கார்ந்து, கைப்பேசித் திரையில் அந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது கரையில் இருக்கிறான். வியாழக்கிழமை மறுபடி கிளம்ப வேண்டும்.

துரிதா தலைநகர் டோர்ஷவ்னில் இருக்கும் மனநல ஆலோசகர். கணவன் மனைவிகளோடு திரைவழியே பேசுபவள். கிளாக்ஸ்விக்கிலேயே ஒருவர் இருக்கிறார்தான். ஆனால் அவர் வீட்டு வாசலில் யாருடைய கார் நிற்கிறது என்பது மீன் ஆலையில் மதியச் சாப்பாட்டுக்குள் தெரிந்துவிடும். தவிர, புருஷன் பாதி வருஷம் கடலில் கிடக்கிற குடும்பம் யார் வாசலில் போய்ச் சேர்ந்து உட்காரும்? முதலில் ஹெய்னி இதைக் கேலி செய்தான். ஆனால் கடலிலிருந்து பேசும்போது ஒரு விஷயம் நடந்தது. குரல் போய்ச் சேரவே சிறிது நேரம் ஆகும். குறுக்கே பேசினால் இரண்டும் கலந்து ஒன்றும் விளங்காது. வேறு வழியில்லாமல் ரன்வா முடிக்கும்வரை அவன் வாயை மூடிக்கொண்டிருந்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஒரு பேச்சை முழுசாகப் பேசி முடித்தது அப்போதுதான்.

மடிக்கணினி விழித்துக்கொண்டது. துரிதாவின் முகம் வந்தது. கூடவே அவளுடைய பூனையின் வாலும் ஒரு தடவை திரையில் குறுக்கே போனது.

அதே நேரம் கதவின் கைப்பிடி கடகடவென்று ஆடியது.

"ரன்வா! என்னடி இது, கதவுக்கு என்ன கேடு?"

எல்ஸ்பா. ஹெய்னியின் அம்மா. ஒரே முற்றத்துக்கு அந்தப்பக்கம் அவள் வீடு.

"பூட்டியிருக்கேன் அத்தை. அப்புறம் வாங்க."

"பூட்டியிருக்கியா!" பிறகு சரளைக்கல்லில் காலடிகள் போயின, வேண்டுமென்றே மெதுவாக.

"ஆரம்பிக்கலாமா?" என்றாள் துரிதா. "ரன்வா, இன்னிக்கு நீங்க பேசுறீங்க. ஹெய்னி, வழக்கம்போல. அவங்க சொன்னதை உங்க வார்த்தையில திருப்பிச் சொல்லணும். சேர்க்கவும் கூடாது, குறைக்கவும் கூடாது. 'ஆனா'ங்கிற வார்த்தை மட்டும் வேணாம்."

ரன்வா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சிறு கம்பளித் தொப்பியை எடுத்து வைத்தாள். கைக்குழந்தைத் தொப்பி, மஞ்சள் நிறம், உச்சியில் ஒரு குஞ்சம். அதை அவள் எங்காவது தூக்கிப் போட்டிருப்பாள் என்று ஹெய்னி நம்பிக்கொண்டிருந்தான்.

"போன வசந்தத்துல எனக்கு ஏழாம் மாசம்," என்றாள் ரன்வா. துரிதாவைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள். "குழந்தை அசையல. ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளேயே போயிடுச்சுன்னு சொன்னாங்க. நீ கடல்ல இருந்தே. அத்தை என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'கடல்ல இருக்குறவனுக்குக் கெட்ட சேதி சொல்லக்கூடாதுடி, கை நடுங்கினா வலை இழுக்கிற வின்ச் கம்பி ஆளையே இழுத்துக்கும்'னாங்க. நானும் சரின்னேன். பெத்தேன், புதைச்சேன். நீ போன்ல கூப்பிட்டப்பல்லாம் நல்லா இருக்கேன்னு சொன்னேன். வயிறு எப்படியிருக்குன்னு நீ கேட்டே. பெருசாகுதுன்னு சொன்னேன்."

அவள் தொப்பியைத் தொட்டாள்.

"அப்புறம் நீ வந்து இறங்கினே. நார்வேயில டிரோம்சோ துறைமுகத்துல வாங்கினேன்னு இதை என் கையில கொடுத்தே. அப்போதான் நடந்ததைச் சொன்னேன். உன் முகத்தைப் பார்த்தப்போ எனக்கு என்னமோ கொலை பண்ணிட்ட மாதிரி இருந்துச்சு. நான் முன்னாடியே சொல்லியிருந்தா நீ இதைக் கடையில நின்னு பார்த்துப் பார்த்து வாங்கியிருக்க மாட்டே. அன்னிக்கு நீ அழுத அழுகை எனக்கு இன்னும் தூக்கத்துல கேக்குது. உன்கிட்ட ஒரு மன்னிப்புக் கேக்கணும் ஹெய்னி. அதுக்குத்தான் இந்த துரிதாவையே தேடிப் புடிச்சேன்."

கெட்டிலில் தண்ணீர் கொதித்து அடங்கியது.

"ஹெய்னி," என்றாள் துரிதா. "அவங்க சொன்னதுல உங்க காதுல என்ன விழுந்துச்சு?"

அவனுக்குத் திருப்பிச் சொல்லத் தெரியும். நன்றாகவே தேறியிருந்தான். "நீ... என்கிட்ட மறைச்சதா நினைக்கிற," என்று தொடங்கினான். "அதனால நான் ஏமாந்து... தொப்பி..." அங்கே நிறுத்தினான். இந்த வாக்கியத்தை முடித்துவிட்டால் போதும். ரன்வா மனசு லேசாகிவிடும். அவன் அவளை மன்னித்துவிட்டான் என்று ஆகும். வியாழக்கிழமை நிம்மதியாகக் கப்பலேறலாம். அவள் கேட்கிற மன்னிப்பைக் கொடுத்துவிட்டுப் போகிற அளவுக்கு அவன் கெட்டுப்போய்விட்டானா என்பதுதான் கேள்வி. அவள் கண் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். நீ ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த மறுநாளே."

ரன்வாவுக்கு விளங்கவில்லை. அது விளங்காமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தை ஹெய்னி பிற்பாடு அடிக்கடி நினைத்துப் பார்த்தான். அவள் அவனை நம்பிய கடைசி நேரம் அது.

"கேப்டன் மவுரிட்ஸோட வீட்டுக்காரம்மா அவருகிட்ட போன்ல சொல்லிட்டா. அவரு என்னை மேல கூப்பிட்டாரு. 'தம்பி, உன் வீட்டுல இப்படி ஆயிடுச்சு. காலையில நார்வேக் கரைக்குக் கப்பலைத் திருப்புறேன், அங்கேர்ந்து விமானம் ஏறிப் போயிடு'ன்னாரு. நான்..." அவன் தன் கையைப் பார்த்தான். "வேணாம்னேன். கப்பல் அதுபாட்டுக்குப் போகட்டும்னேன்."

"ஏன்?"

"பயம். வந்து உன் முன்னாடி நின்னு என்ன பேசுறதுன்னு தெரியல. அங்கேயாவது கைக்கு வேலை இருந்துச்சு. நீங்கல்லாம் எனக்குச் சொல்ல மாட்டீங்கன்னு தெரியும். தெரியாத மாதிரி இருந்துட்டா யாரும் என்னை ஏன் வரலன்னு கேக்க முடியாதுன்னு..."

ரன்வா அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பார்வை மெதுவாக மேசைக்கு இறங்கியது.

"இந்தத் தொப்பி?"

அவன் தொப்பியை இழுப்பறைப் பக்கம் தள்ளப் பார்த்தான்.

"ஹெய்னி, தொப்பி எப்போ வாங்கினது?"

"தெரிஞ்சதுக்கு அப்புறம். வெறும் கையோட வந்தா நீ கண்டுபுடிச்சிடுவியோன்னு."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, ரன்வா எழுந்தாள். ஜன்னலுக்குப் போனாள். வெளியே மலைச்சரிவில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஹெய்னி வாயைத் திறந்தான்.

"வேணாம் ஹெய்னி," என்றாள் துரிதா திரையிலிருந்து. "விளக்கம் சொல்லாதீங்க. இப்போ பேச வேண்டியது அவங்க. ரன்வா, பேசணும்னா பேசுங்க. பேசாம நிக்கணும்னா நில்லுங்க. நாங்க ரெண்டு பேரும் இங்கேதான் இருக்கோம்."

முன்பென்றால் இந்த இடத்தில் ஹெய்னி கதவைச் சாத்திக்கொண்டு படகுக் கொட்டகைக்குப் போயிருப்பான். ரன்வா பாத்திரங்களைக் கழுவியிருப்பாள். அடுத்த பயணம்வரை உருளைக்கிழங்கைத் தவிர வேறெதைப் பற்றியும் பேச்சு எழுந்திருக்காது. இன்று கதவு பூட்டியிருந்தது. சாவி ரன்வாவின் சட்டைப்பையில் இருந்தது.

"எனக்குப் பால் கட்டிக்கிச்சு," என்றாள் அவள், ஜன்னலைப் பார்த்தபடியே. "குழந்தையில்லாம பால் மட்டும் வந்துச்சு. அத்தை வீக்கம் வத்த முட்டைக்கோஸ் இலை வச்சுக் கட்டிவிட்டாங்க. அந்த வலியோட உன்கிட்ட போன்ல சிரிச்சேன், நீ பயப்படக்கூடாதுன்னு. நீயும் சிரிச்சே. அப்புறம் நீ வந்து என் மடியில படுத்து அழுதே. நான் உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். உனக்குச் சூப்பு வச்சுக் கொடுத்தேன். என் குழந்தைக்காக நான் இன்னும் ஒரு தடவை கூட உக்காந்து அழல. உன் அழுகையைப் பாக்குறதுக்கே எனக்கு நேரம் சரியாப் போச்சு."

அவள் திரும்பினாள். "இதைச் சொல்லு. திருப்பிச் சொல்லு."

அவன் சொன்னான். பால் கட்டியதைச் சொன்னான், முட்டைக்கோஸ் இலையைச் சொன்னான், சிரித்ததைச் சொன்னான். ஒன்றையும் குறைக்கவில்லை. 'நீ இன்னும் அழல' என்ற இடத்தில் அழுகை வந்தது. அழக்கூடாது, இந்த அழுகையும் அவளுடையது என்று பல்லைக் கடித்துக்கொண்டான். அவன் சொல்லி முடித்தபோது ரன்வா தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழத் தொடங்கியிருந்தாள். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். தொடவில்லை. நேரம் முடிந்தபிறகும் வெகுநேரம் துரிதா திரையை அணைக்கவில்லை.

"இன்னொன்னு இருக்கு," என்றான் ஹெய்னி, மடிக்கணினி மூடியபிறகு. "நான் வேணாம்னு சொன்னப்போ மவுரிட்ஸ் சிரிச்சாரு. அவரு சின்ன வயசுல எங்கப்பாகூட கிரீன்லாந்துப் பக்கம் போனவரு. 'உங்கப்பனும் இதையேதான்டா சொன்னான்'னாரு. என் அண்ணன் யாகுப் சின்னப் புள்ளையிலேயே காய்ச்சல்ல செத்தப்போ. வயர்லெஸ்ல சேதி போயிடுச்சாம். 'எப்பவுமே நமக்குத் தெரியும்டா, நமக்குத் தெரியாதுன்னு பொம்பளைங்கதான் நினைச்சுக்கிட்டிருக்காங்க'ன்னாரு."

ரன்வா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். "அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியாது. சேதி சொல்லாம அப்பாவைக் காப்பாத்தினதாத்தானே இன்னிக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டிருக்காங்க."

கைப்பிடி மறுபடி ஆடியது. ரன்வா எழுந்து, சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள்.

எல்ஸ்பா காலணியைக் கழற்றவில்லை. "எதிர்வீட்டுக்காரி வந்து யாரு செத்தான்னு கேக்குறா. நான் என்னன்னு சொல்ல? புருஷன் பொண்டாட்டி சண்டைய டோர்ஷவ்ன்காரிக்கு ஒப்பிக்கிறாங்கன்னு சொல்லட்டுமா? நாங்கல்லாம் குடும்பம் நடத்தலையா?" பேசிக்கொண்டே வந்தவள் மேசையில் தொப்பியைப் பார்த்துவிட்டாள். "இதை ஏன்டி மறுபடி எடுத்தே? போகப்போறவன் மனசைக் கலைக்காதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது? யாகுப் போனப்போ நான் ஒத்தையா நின்னேன். உன் மாமனாருக்கு ஒரு வார்த்தை சொன்னேனா? அவரு முழுசா வந்து இறங்கினாரில்ல?"

ரன்வா ஹெய்னியைப் பார்த்தாள். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க அத்தை. உங்க புள்ள ஒண்ணு சொல்லணும். நான் சொன்னா நல்லாயிருக்காது."

ஹெய்னி சொன்னான். தன்னைப் பற்றி முதலில், தொப்பியைப் பற்றி அப்புறம். அப்பாவுக்கு வந்தபோது தயங்கினான். ரன்வா விடவில்லை, அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அதையும் சொன்னான்.

அம்மா எழுந்து தன்னை அறைவாள் என்று எதிர்பார்த்தான். அல்லது மவுரிட்ஸைப் பொய்யன் என்று திட்டுவாள். எல்ஸ்பா தொப்பியை எடுத்து, குஞ்சத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"நீ கெட்டிக்காரன்டா," என்றாள் கடைசியில். "உங்கப்பாவுக்கு இது தோணல."

"என்னம்மா?"

"ஒவ்வொரு தடவை வரும்போதும் யாகுப்புக்கு ஒரு தகர வண்டி வாங்கிட்டு வருவாரு. எந்தத் துறைமுகத்துல நின்னாலும் சரி. அந்தத் தடவை கப்பல்லேர்ந்து இறங்கினப்போ கையில ஒண்ணுமில்ல."

ரன்வா மெல்லக் கேட்டாள்: "அப்போ உங்களுக்குத் தெரியுமா அத்தை? அப்பவே?"

"படகுத்துறையிலேயே தெரியும்."

"தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல? தெரிஞ்சுமா என்னையும் வாயை மூடச் சொன்னீங்க?"

எல்ஸ்பா நாற்காலியின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள். கணவர் சாமலுடன் அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அவள் குடித்தனம் நடத்தியிருந்தாள்; அவர் செத்தபோதும் அவரைக் காப்பாற்றிய கதையைத்தான் எல்லோரிடமும் சொன்னாள். இப்போது குனிந்து, ஒவ்வொன்றாகத் தன் காலணிகளைக் கழற்றினாள்.

ரன்வா கதவருகே போய் மறுபடி சாவியைத் திருப்பிப் பூட்டினாள். திரும்பி வந்து மூன்று கோப்பைகளை எடுத்து வைத்தாள். "வியாழக்கிழமை நீ போ," என்றாள் ஹெய்னியிடம். "இனிமே எதுவானாலும் நானே கூப்பிட்டுச் சொல்லுவேன், நீ நடுக்கடல்ல இருந்தாலும். கப்பலைத் திருப்புறியா இல்லையான்னு என் காதால நான் கேக்கணும்."

அவன் தலையசைத்தான்.

எல்ஸ்பா மூடிக்கிடந்த மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த டோர்ஷவ்ன் பொண்ணு," என்றாள், "புருஷன் செத்துப்போனவங்களையும் சேர்த்துக்குவாளாடி?"