படகை எரித்தவன்

அக்கா வேலையிலிருந்து திரும்பியபோது தம்பி கம்ப்யூட்டர் முன்னால் கோட்டையைப் பிடித்தவன் போல உட்கார்ந்திருந்தான். திரையில் அந்த வீடு இதுவரை பார்க்காத ஒரு நீலக் கடல்.

“எல்லாத்தையும் கழுவித் துடைச்சு புது ஓஎஸ் போட்டாச்சு. இனிமே உன் கட்டை வண்டி பறக்கும்!”

கேட்காமலே செய்திருந்தான். தொலையட்டும் என்று பையை வைத்தாள். இன்னும் ஓர் அத்தியாயம்தான் பாக்கி. மூன்று வருடமாக மாலை நேரங்களைத் தின்று அவள் மொழிபெயர்த்து வந்த அயல்நாட்டு நாவல், மாதக் கடைசியில் பதிப்பகத்துக்குப் போக வேண்டும். முழுசாக முடியாமல் ஒரு வரியையும் யாருக்கும் காட்டமாட்டாள்.

“‘படகு’ன்னு ஒரு ஃபோல்டர் இருந்துச்சே, எங்கடா?”

“அதுவா? பத்திரமா எடுத்து வெச்சுட்டுத்தான் புது ஓஎஸ் போட்டேன். அப்புறம் திறந்து பாத்தா ஒரு எழுத்துகூட எழுத்தா இல்லக்கா. கொம்பும் கோடும் கிறுக்கலும். வைரஸ் தின்னிருக்கு. திரும்பி வராத மாதிரி அழிச்சுட்டேன்.”

பதிப்பகம் கொடுத்த பழைய எழுத்துருவில் அடித்த நாவல் அது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் கிறுக்கலாகத்தான் தெரியும். உடுப்பு மாறி வந்தவளைப் பிணம் என்று நினைத்துப் புதைத்திருக்கிறான்.

“ஒரு போன் போட்டுக் கேட்டா விரல் தேஞ்சிடுமாடா?”

“நீ பென் டிரைவ்ல ஒரு காப்பி வெச்சிருக்கலாம்ல? பெரிய படிப்பு படிச்சவதானே!”

“வெச்சிருந்தேன். சிவப்பு பென் டிரைவ்ல.”

தம்பியின் பார்வை பக்கவாட்டில் போனது. சிவப்பு பென் டிரைவ் இன்னும் கம்ப்யூட்டரில்தான் செருகியிருந்தது. அதை அழித்துத்தான் அதில் புது ஓஎஸ்ஸை ஏற்றிக்கொண்டு வந்திருந்தான்.

“நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்சான், சின்னப் பையன்,” என்றாள் அம்மா அடுக்களையிலிருந்து.

“முப்பது வயசு எருமைம்மா அது!”

அவள் அழவில்லை. அழுதால் கோபம் கரைந்துவிடும். அவளிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

“அக்கா…” தம்பியின் குரல் தரையில் ஊர்ந்தது. “ஒரு ஃபைல் மட்டும் இருக்கும். அழிக்கிறதுக்கு முன்னாடி போன்ல கூட்டாளிங்க குரூப்ல போட்டேன். ‘எங்க அக்காவோட இலக்கியம்’னு… சும்மா சிரிக்க.”

பளாரென்று ஒன்று விட்டிருப்பாள். கை அதற்குள் பழைய மின்னஞ்சலில் எழுத்துருவைத் தேடிக்கொண்டிருந்தது. அதை நிறுவி ஃபைலைத் திறந்தாள். கொம்பும் கோடும் தமிழாக எழுந்து நின்றன. ஏழாம் அத்தியாயம்.

“படி. சத்தமா.”

குளிர்காயப் படகையே விறகாக்கிவிட்ட படகோட்டியை அவன் மனைவி திட்டும் இடம். அந்த ஒரு வசவுக்காக ஒரு வாரம் அலைந்திருந்தாள்.

“‘குளிருக்கு ஆகும்னு படகைக் கொளுத்தினவனே, நாளைக்கு ஆத்தைக் குடிச்சிட்டா அக்கரைக்குப் போவே?’” என்று படித்துவிட்டுத் தம்பி தலையைக் குனிந்தான். “சாரிக்கா.”

“அதை நீயே வெச்சுக்கோ.” மூல நூலை மடியில் விரித்தாள். “நான் சொல்லச் சொல்ல அடி. முதல் அத்தியாயம்.”

“இப்பவா? மேட்ச் இருக்கு…”

“மாதக் கடைசி வரைக்கும் உனக்கு இதுதான் மேட்ச். அடி!”

முதல் வாக்கியத்தைச் சொன்னாள். பழைய வாக்கியம் வரவில்லை. வந்தது அதைவிடக் கடுமையாக இருந்தது. இருக்கட்டும் என்று விட்டாள். தம்பி ஓர் எழுத்தைத் தப்பாக அடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

“அழி,” என்றாள். “அதுதான் உனக்கு நல்லா வருமே.”